பார்க்காமல் வரைந்த படம்



உங்கள் வீட்டில் மேல்நிலை வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளை இருந்தால், இந்த வாரம் அந்தப் பிள்ளையின் ரெக்கார்ட் நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம், படத்தைப் பாருங்கள். 'வெங்காயத் தோலுரி' என்று தலைப்பிட்ட பக்கத்தில், செல்லுக்குள் ரைபோசோம்களும் எண்டோபிளாச வலைப்பின்னலும் அழகாக வரையப்பட்டு, கோடிழுத்துப் பெயர் குறிக்கப்பட்டிருக்கின்றனவா? அப்படியானால் அந்தப் பக்கம் பொய். கடினமான சொல்தான், தெரிந்தே எழுதுகிறேன். அறந்தாங்கி, ஆலங்குடி, கீரனூர் என்று நம் சபைக் குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போது, பிள்ளைகள் ஆசையாய்க் கொண்டுவந்து காட்டிய நோட்டுகள் பலவற்றில் இதைக் கண்டிருக்கிறேன். எந்தப் பள்ளி என்பது இங்கே பேச்சல்ல. ஒரு பள்ளியின் குற்றமாக இருந்தால் இதை எழுதவே மாட்டேன்.

ஏன் பொய் என்கிறேன்? பள்ளி ஆய்வகத்தில் இருப்பது கூட்டு நுண்ணோக்கி. அதன் கண்ணருகு வில்லை 10 மடங்கும், பொருளருகு வில்லை 40 அல்லது 45 மடங்கும் பெரிதாக்கும். பெருக்கினால் 400, 450. அந்த வட்டத்துக்குள் வெங்காயத் தோல் செங்கல் அடுக்கிய சுவரைப் போலத் தெரியும். நீண்ட அறைகள், இடையே செல்சுவர், சாஃப்ரானின் சாயமேறிய உட்கரு ஓர் ஓரமாய் ஒதுங்கி. மூடு கண்ணாடியை ஊசியால் தாங்கிச் சாய்வாக இறக்காமல் பட்டென்று வைத்தால், கரிய விளிம்போடு கூடிய காற்றுக்குமிழிகளும் தெரியும். அவ்வளவுதான். ஒளியால் பார்க்கும் சாதாரண நுண்ணோக்கிக்கு ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டருக்கும் நெருக்கமாக உள்ள இரு புள்ளிகளை அது பிரித்துக் காட்டாது. ரைபோசோமின் அகலமோ அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. மனிதக் கண் அதைக் காண்பதற்கு, 1950-களில் ஜார்ஜ் பலாடே எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு வரவேண்டியிருந்தது. ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் சிற்றறைகளைக் கண்டு அவற்றுக்குச் 'செல்' என்று பெயரிட்டு எழுதியது 1665-இல். இடையில் 290 ஆண்டுகள். அந்தத் தூரத்தை நம் பிள்ளைகள் ஒரு முற்பகலில், ஒரு பென்சிலால் கடந்துவிடுகிறார்கள்!

பாடப்புத்தகத்தின் படம் பொய்யல்ல. எத்தனையோ பேர், எத்தனையோ கருவிகளால், எத்தனையோ ஆண்டுகள் கண்டவற்றைத் திரட்டி வரைந்த படம் அது. அதைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அதை எடுத்து, 'நான் நுண்ணோக்கியில் கண்டவை' என்ற தலைப்பின் கீழ் எழுதும்போது அது சாட்சியாக மாறுகிறது. நோட்டின் முதல் பக்கத்தில், இது இந்த மாணவர் ஆய்வகத்தில் தாமே செய்த பணியின் பதிவு என்ற சான்று இருக்கிறது. அதன் கீழ் ஆசிரியர் கையொப்பமும் இருக்கிறது. ஒரு காரியம் நிலைபெற இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டுமென்று நியாயப்பிரமாணம் கேட்டதே. இங்கே இரண்டு சாட்சிகள் ஒரே பக்கத்தில் ஒப்பமிட்டு, நடவாத ஒன்றை நிலைநிறுத்துகிறார்கள்.

"ஐயா, இதெல்லாம் ஒரு பாவமா? ஊர் உலகத்தில் எல்லாரும் செய்வதுதானே?" என்பீர்கள். செய்முறைத் தேர்வு முடிந்தால் அந்த நோட்டு பழைய பேப்பர் கடைக்குத்தான் போகிறது. உண்மை. ஆனால் நோட்டு போன பிறகும் கை இருக்கிறது. அந்தக் கைக்கு உரிய பிள்ளை நாளைக்கு ஆய்வக நுட்பநராக ஓர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அமரும். காசநோய்ச் சந்தேகமுள்ள ஒருவரின் சளி மாதிரியை, எண்ணெய்த் துளியிட்ட வில்லையின் கீழ் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். குறைந்தது 100 புலங்களைப் பார்த்த பின்புதான் 'கிருமி இல்லை' என்று எழுதலாம் என்பது முறை. கழுத்து வலிக்கும், கண் எரியும், வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருப்பார்கள். பத்துப் புலங்களோடு நிறுத்திவிட்டு 'இல்லை' என்று எழுதினால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அந்த நாளில் அந்தக் கையைத் தடுத்து நிறுத்தும் பழக்கத்தைப் பதினாறாம் வயதில் நாம் ஊட்டியிருக்கிறோமா? நாம் ஊட்டியது நேர்மாறான பழக்கத்தை. 'இல்லை' என்று எழுதப்பட்ட மனிதர் இருமிக்கொண்டே வீட்டுக்குப் போவார். அவர் மடியில் பேரப்பிள்ளை உட்காரும்.

நம் மண்ணின் மகளையே நினைத்துப் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு நுழைந்து, எதிர்ப்புகளுக்கு நடுவே படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்றவர். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை விடவில்லை. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது அந்தத் துயரத்தின் கனியாகத்தான். அந்த நோயில் தீர்ப்பு எங்கே எழுதப்படுகிறது? பெரும்பாலும் நுண்ணோக்கியின் அடியில். எடுத்த திசுவை மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, செல்லின் உட்கரு இயல்புக்கு மீறிப் பெருத்திருக்கிறதா, வடிவம் குலைந்திருக்கிறதா, அடர்ந்து சாயமேறியிருக்கிறதா என்று ஒருவர் உற்றுப் பார்த்துச் சொல்லவேண்டும். அவர் சொல்லும் ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் வருங்காலம் தொங்குகிறது. நம் மாவட்டத்திலும் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே நம் பிள்ளை சேரவேண்டுமென்று உபவாசமிருந்து ஜெபிக்கிற பெற்றோரே, எப்படிப்பட்ட கண்ணோடு அது உள்ளே போகப்போகிறது என்பதற்காக எப்போதாவது ஜெபித்ததுண்டா?

நுண்ணோக்கியின் வரலாற்றில் போதகர்களுக்கு ஒரு நல்ல இடம் உண்டு. அதை நம் பிரசங்கங்களில் நான் கேட்டதேயில்லை. ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் லேவன்ஹூக் என்றொரு துணி வியாபாரி, தாமே தேய்த்த வில்லைகளால் மழைநீரையும் மிளகு ஊறிய நீரையும் பார்த்தார். (மிளகுக்குக் காரம் எங்கிருந்து வருகிறது என்று அறியும் ஆசை அவருக்கு!) அதில் எண்ணிறந்த சிற்றுயிர்கள் நீந்துவதைக் கண்டு, 1676-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அவர்கள் எளிதில் நம்பவில்லை. அடுத்த ஆண்டு அவர் எட்டுப் பேரின் சாட்சியை எழுதி வாங்கி அனுப்பினார். அவர்களில் திருச்சபைப் போதகர்களும் இருந்தார்கள். கவனியுங்கள்: 'இவர் நல்ல மனிதர், பொய் சொல்லமாட்டார்' என்று அவர்கள் நற்சான்று எழுதித் தரவில்லை. வந்து, வில்லையில் கண்ணை வைத்து, தாங்கள் கண்டதை எழுதினார்கள். அவர்கள் மதிப்பிட்ட எண்ணிக்கைகள் ஒன்றோடொன்று பொருந்தவுமில்லை. உண்மையாய்ப் பார்த்தவர்களின் சாட்சி அப்படித்தான் இருக்கும். நம் பிள்ளைகளின் நோட்டுகளிலோ அறுபது வெங்காயத் தோல்களும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாகவே இருக்கின்றன.

பெத்சாயிதாவில் ஆண்டவர் தொட்ட குருடனை நினைவுகூருங்கள். மாற்கு மட்டுமே அந்தச் சம்பவத்தை எழுதியிருக்கிறார். முதல் தொடுதலுக்குப் பின், ஏதாவது தெரிகிறதா என்று ஆண்டவர் அவனைக் கேட்டார். அவன் என்ன சொன்னான்? நடக்கிற மனிதர் தனக்கு மரங்களைப் போலத் தெரிவதாகச் சொன்னான். சீஷர்கள் சூழ்ந்து நிற்கிறார்கள், கேட்பவரோ தேவகுமாரன், 'நன்றாய்த் தெரிகிறது ஆண்டவரே' என்று சொல்லிவிட அவனுக்கு எவ்வளவு தூண்டுதல் இருந்திருக்கும்! எல்லாரும் எதிர்பார்த்த விடை அதுதான். அவன் தன் கண்ணுக்குத் தெரிந்த மங்கலையே சொன்னான். அதற்காக ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, மறுபடியும் தொட்டார். ஆய்வகத்தில் பெரிய திருகைச் சுழற்றி மங்கலாய் ஒன்று தெரிந்த பின்பு, நுண்திருகை மெல்லச் சுழற்றித் தெளிவாக்குகிறோமே, அந்த இரண்டாம் திருகுக்கு வேலை வருவது, முதலில் 'மங்கலாய்த் தெரிகிறது' என்று ஒப்புக்கொண்டவனுக்கு மட்டுமே. 'தெரிகிறது சார்' என்று தலையாட்டிவிட்டு நகர்கிற பிள்ளைக்கு இரண்டாம் தொடுதல் எப்படிக் கிடைக்கும்?

பள்ளிகளை மட்டும் குறைசொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நம் சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது வலம்வரும் ஒரு படம் உண்டு: 'லேமினின்' என்ற புரதம் சிலுவை வடிவில் இருக்கிறது, நம் செல்களைத் தாங்கி நிறுத்துவதே சிலுவைதான் என்று. அமெரிக்கப் பிரசங்கியார் ஒருவர் மேடையில் சொன்னதிலிருந்து பரவியது. எளிதாய்ப் புரியவைப்பதற்காக வரைந்த கோட்டுப் படத்தில் அது சிலுவைபோல இருப்பது மெய்யே. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்களிலோ அதன் கரங்கள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக வளைந்தும் மடங்கியும் கிடக்கின்றன. அனுப்பியவர்களில் எத்தனை பேர் அந்தப் படங்களைத் தேடிப் பார்த்தார்கள்? பார்க்காமலே 'ஆமென்' போட்டுப் பகிர்கிறோம். இதற்கும் வெங்காயத் தோலில் ரைபோசோம் வரைவதற்கும் என்ன வேறுபாடு? நாளைக்கு வேறொரு புரதம் வேறொரு மதத்தாரின் சின்னத்தைப்போல வளைந்திருப்பதாக ஒருவர் காட்டினால், அவரோடு சேர்ந்து அவர்கள் ஆலயத்துக்குப் போய்விடுவோமா? சிலுவை கல்வாரியில் நடந்த ஒன்று. கண்டும் கேட்டும் தொட்டும் அறிந்ததையே அறிவிப்பதாகச் சொல்லித் தன் நிருபத்தைத் தொடங்கிய யோவானின் சாட்சி போதாதென்றா ஒரு புரதத்தைச் சாட்சிக்கு அழைக்கிறோம்?

தேர்வுக்கு முந்தின ஞாயிறு பேனாக்களையும் ஹால் டிக்கெட்டுகளையும் பீடத்தின்முன் வைத்து ஜெபிக்கிறோம். நல்லது. அந்தப் பேனாக்களால் எழுதப்பட்ட ரெக்கார்ட் நோட்டுகளையும் கொண்டுவந்து வையுங்கள் என்று சொன்னால் எத்தனை பேர் வைப்பீர்கள்?

ஆசிரியர்களின் பாரம் எனக்குத் தெரியும். நம் பீடத்துக்கு எதிரே அமர்கிறவர்களில் உயிரியல் ஆசிரியர்களும் உண்டு. அறுபது பிள்ளைகளுக்கு இரண்டோ மூன்றோ நுண்ணோக்கிகள், முடிக்கவேண்டிய பாடங்கள், நீட் தேர்வின் நெருக்கடி. அந்தத் தேர்வின் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கு. அதில் வில்லையில் கண்வைத்துப் பார்த்தாயா என்று கேட்கும் ஒரு மதிப்பெண்கூட இல்லை. இந்த ஏற்பாட்டை அமைத்தவர்கள் கணக்குக் கொடுக்கவேண்டியவர்கள்தாம். ஆனாலும், உடைந்துவிடும் என்று பீரோவில் பூட்டிவைத்த நுண்ணோக்கியின் வில்லையில் பூஞ்சை படிவதற்கு அவர்களா பொறுப்பு? கருவி இல்லை என்பதும் இப்போது முழுக் காரணமாகாது. மனு பிரகாஷ் என்ற இந்திய விஞ்ஞானி அமெரிக்காவிலிருந்து காகிதத்தை மடித்தே ஒரு நுண்ணோக்கி செய்து தந்திருக்கிறார். அதன் பாகங்களுக்கு ஆகும் செலவு ஒரு டாலருக்கும் குறைவு. பார்ப்பதற்கு வெங்காயமும் ஊரணித் தண்ணீரும் போதும்.

இதே மாவட்டத்தில்தான் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். உங்களில் சிலருடைய தாய்மார்கள் அவர்களில் இருப்பார்கள். விழுந்து, முட்டி சிராய்த்து, ஊரார் சிரிக்கச் சிரிக்கக் கற்றார்கள். சைக்கிளின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்துக் காட்டி, 'ஓட்டிவிட்டேன்' என்று எழுதிக் கொடுக்க அவர்களில் ஒருவரும் முனையவில்லை.

ஆகவே ஆசிரியர்களாகிய உங்களிடம் ஒன்று கேட்கிறேன். காற்றுக்குமிழியை வரைந்து 'இது என்னவென்று தெரியவில்லை' என்று ஒரு பிள்ளை எழுதினால், அதைச் சிவப்பு மையால் அடிக்காதீர்கள்; அது குமிழி என்று பக்கத்தில் எழுதி, மதிப்பெண்ணையும் கொடுங்கள். பெற்றோர், 'அடுத்த வீட்டு அக்காவின் பழைய நோட்டை வாங்கித் தருகிறேன்' என்பதை நிறுத்துங்கள். வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு, ஆராதனைக்குப் பின், ஓய்வுநாள் பள்ளி அறையில் ஒரு நுண்ணோக்கி சன்னலோரமாக வைக்கப்பட்டிருக்கும். பிள்ளைகள் மட்டுமல்ல, மூப்பர்களும் மாதர் ஐக்கியத்தாரும் வரிசையில் நிற்கலாம், நானும் நிற்பேன். ஒவ்வொருவருக்கும் கோடில்லாத ஒரு வெள்ளைத் தாள் தரப்படும். சாயமும் மூடு கண்ணாடிகளும் இங்கே இருக்கும். வெங்காயம் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள்.