அபாயச் சங்கின் வாயை அடைப்பவர்கள் யார்?

புதிய ஸ்பின்னிங் மில்களில் ஒரு நூல் அறுந்தால் போதும், அந்தக் கதிரின் பக்கத்தில் சிறு விளக்கு எரிகிறது. எந்தக் கதிரில் எத்தனை தடவை அறுந்தது, எவ்வளவு நேரம் ஒட்டாமல் கிடந்தது என்ற கணக்கு ஆபீசுக்குப் போய்ச் சேருகிறது. இந்த மின்னணுக் கண்ணை ஒரு ஷிப்டாவது பழுதாக விட்டுவைப்பாரா மானேஜர்?

புளோரூமில் பஞ்சு போகும் குழாயிலும் ஒரு கண் உண்டு. பஞ்சோடு வந்த இரும்புத் துண்டு யந்திரத்தில் உரசிப் பொறி கிளம்பினால், அதைக் கண்டு மணி அடிக்க வேண்டியது அந்தக் கண்ணின் வேலை. அதில் தூசி படிந்திருக்கிறதா, கடைசியாக அதைச் சோதித்தது எப்போது என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் பதில் சொல்ல ஆளே கிடைக்காது! ஒரு கண் உற்பத்தியைக் காக்கிறது. மற்றது உயிரைக் காக்கிறது. எதற்குக் கவனிப்பு அதிகம் என்பதைத் தொழிலாளிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தக் கருவிகளில் மாயம் ஒன்றுமில்லை. எரியும் வாயுவைக் கண்டுபிடிக்கும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். அதற்குள் சூடேற்றப்பட்ட ஒரு சிறு மணி இருக்கிறது. வாயு அதில் பட்டு எரியும்போது சூடு கூடுகிறது, மின்தடை மாறுகிறது, அளவு மீறினால் சங்கு ஊதுகிறது. ஆனால் சில வகை ஆவிகள் பட்டால் அந்த மணி செத்துப்போகும். செத்த கருவி காட்டுவது என்ன? பூஜ்யம்! நல்ல காற்றிலும் பூஜ்யம், செத்த கருவியிலும் பூஜ்யம். ஆகவே, தெரிந்த அளவு வாயுவைக் காட்டி அடிக்கடி சோதிக்காத கருவி, சுவரில் மாட்டிய படத்துக்குச் சமம்.

போபாலில் நடந்தது என்ன? 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டியில் தண்ணீர் புகுந்து, சுமார் 40 டன் விஷத் திரவம் கொதித்து வாயுவாக வெளியேறியது. அந்தத் திரவத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய யந்திரத்தை அதற்குப் பல மாதங்கள் முன்பே நிறுத்திவிட்டார்கள். சூடு 11 டிகிரியைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. குளிர்ச்சியை நிறுத்தியபின் மணி ஓயாமல் அடிக்குமே! என்ன செய்தார்கள்? மணியின் அளவை 20 டிகிரிக்கு உயர்த்தினார்கள். நோயாளியின் காய்ச்சலைக் குறைக்காமல் வெப்பமானியின் கோட்டை அழித்தார்கள்!

வாயு கசிவதைத் தொழிலாளர்கள் தங்கள் கண் எரிச்சலைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷக்காற்றை அறியக் கூண்டுக் குருவியைக் கொண்டு போவார்கள். மின்னணுக் கருவி வந்ததும், 1986-ல் குருவிக்கு விடுதலை அறிவித்தார்கள். போபால் தொழிலாளியோ அந்தக் குருவியின் நிலையில் இருந்தான். வெளியே ஊதிய சங்கையும் சில நிமிஷங்களில் நிறுத்தினார்கள். வேலிக்கு அப்பால் குடிசைகளில் உறங்கிய ஜனங்களுக்கு, முகத்தில் ஈரத்துணி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லக்கூட நாதியில்லை. மத்தியப் பிரதேச சர்க்காரே ஒப்புக்கொண்ட சாவு 3,787. பாதிக்கப்பட்டவர்களின் சங்கங்கள் சொல்லும் கணக்கு இதைவிடப் பல மடங்கு.

ஏழை நாடு, பழைய கருவி என்று சமாதானம் சொல்வோர் உண்டு. அமெரிக்கா ஏழை நாடா? அங்கே டெக்சாஸ் சிட்டியில் பி.பி. கம்பெனியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23-ம் தேதி ஒரு கோபுரத்தில் எண்ணெய் நிரம்பி வழிந்து வெடித்தது. 15 பேர் மாண்டார்கள். 180 பேர் காயமுற்றார்கள். எண்ணெய் ஏறிக்கொண்டிருக்க, அளவுமானி அது இறங்குவதாகக் காட்டியது. உயர்மட்ட அபாய மணிகளில் ஒன்று அடிக்கவேயில்லை. அந்தக் கருவிகளின் முன்னால் இருந்தவர்களோ, 29 நாளும் அதற்கு மேலும் ஓய்வு நாளின்றித் தினம் 12 மணி நேரம் உழைத்துச் சோர்ந்தவர்கள்!

நம் பக்கத்து விசாகப்பட்டினத்தில் 2020 மே 7-ம் தேதி விடியுமுன் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறி வெங்கடாபுரம் கிராமத்தை மூடியது. 12 பேர் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சூட்டை அளக்கும் கருவி தொட்டியின் அடிப்பாகத்தில் மட்டும் இருந்தது. மேல்பாகத்தின் கொதிப்பு அதற்குத் தெரியவில்லை. சங்கை ஊத ஆலையில் 36 இடங்களில் வசதி இருந்தும் ஓரிடத்திலும் ஊதவில்லை என்று ஆந்திர சர்க்கார் அமைத்த கமிட்டியே கூறிற்று.

மூன்று இடத்திலும் கருவி இருந்தது. அதைச் சரிவர வைத்திருக்கவும், அது சொன்னால் வேலையை நிறுத்தவும் தொழிலாளிக்கு அதிகாரம் இருந்ததா? போபாலுக்குப் பின், 1987-ல், உடனடி அபாயம் இருப்பதாகக் கருதும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்குத் தெரிவிக்கும் உரிமையைச் சட்டத்தில் சேர்த்தார்கள். நல்லதுதான். ஆனால் தெரிவிப்பது வேறு, நிறுத்துவது வேறு.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: எந்த அளவில் மணி அடிக்கும் என்பதைத் தமிழில் எழுதி ஒவ்வொரு இலாகாவிலும் தொங்கவிடு. தொழிலாளர் பிரதிநிதி முன்னிலையில் கருவியைச் சோதித்துப் பதிவு செய். ஒரு கருவியை நிறுத்தி வைத்தால், நிறுத்தியது யார், எதற்காக என்று கையெழுத்திட்டு அந்த ஷிப்டுக்கு அறிவி. மணி அடித்ததும் யந்திரத்தை நிறுத்தியவனுக்கு மெமோவும் சம்பள வெட்டும் கூடாது. சங்கு ஊதினால் காற்றின் போக்கைப் பார்த்து எந்தப் பக்கம் ஓடுவது என்று வேலிக்கு வெளியே வயலில் நிற்கும் விவசாயத் தொழிலாளிக்கும் கற்றுக்கொடு.

தோழர்களே! நாளை உங்கள் ஷிப்டில் மேஸ்திரியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மணியைக் கடைசியாகச் சோதித்தது எந்தத் தேதியில்? பதில் வராவிட்டால் அதைச் சங்கக் கூட்டத்தின் முதல் கோரிக்கையாக எழுதுங்கள்.