சயமும் சயமும் பெருக்கினால் ஏன் சக?



போன கிழமை வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார, மகள் வீட்டுக் கணக்கைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். 'குளிர் அறையின் வெப்பநிலை மணிக்கு 3 பாகை வீதம் குறைகிறது. இப்போது −18 பாகை. 4 மணித்தியாலத்துக்கு முன் எவ்வளவு?'

'−30' என்று யோசிக்காமல் சொல்லிவிட்டோம். 'இல்லை அப்பா, −6' என்றாள் பிள்ளை. வெட்கமாய்ப் போய்விட்டது. 2006 ஆவணியில் ஏ9 பாதை மூடப்பட்ட நாட்களோடு எங்கள் படிப்பும் நின்றுபோனது. 'சயத்தைச் சயத்தால் பெருக்கினால் சக' என்று பாடமாக்கியது மட்டும் நினைவிருக்கிறது. ஏன் என்று அன்றும் கேட்கவில்லை.

மறுநாள் வேலையிடத்துக் குளிர் அறையில் நிற்கும்போதுதான் விளங்கியது. உறைந்த உணவை −18 பாகையில் அல்லது அதற்குக் கீழே வைக்கவேண்டும். கதவைப் பூட்டியபின் அறை குளிர்ந்துகொண்டே போகும். அப்படியானால் முன்னர் இப்போதையைவிடச் சூடாகத்தானே இருந்திருக்கும்! குறைகிற வீதம் −3. கடந்துபோன நேரம் −4. இரண்டையும் பெருக்க +12. −18 உடன் 12 ஐக் கூட்ட −6. பிள்ளை சொன்னதே சரி.

வீட்டுக் கடனிலும் இதே கணக்குத்தான். கைமாற்றாக வாங்கியதில் இன்னும் 600 டொலர் கொடுக்கவேண்டும், அது −600. கிழமைக்கு 40 கொடுக்கிறோம். 5 கிழமைக்கு முன் −800. இன்னும் 15 கிழமையில் பூச்சியம். கி.பி. 628 இல் பிரமகுப்தர் நேர் எண்ணைச் செல்வம் என்றும் மறை எண்ணைக் கடன் என்றும் சொல்லித்தான் விதிகளை எழுதினார். கடன் பட்டவர்களுக்கு அது சொல்லாமலே விளங்கும்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். வீதம் மாறாமல் இருந்தால்தான் இக்கணக்குச் சரிவரும். வட்டிக் கடன் இப்படிச் சீராகக் குறையாது. குளிர் அறையும் கடைசியில் மெதுவாகத்தான் குளிரும்.

பெற்றோரே, பிள்ளை கணக்கோடு வந்தால் 'எங்களுக்குத் தெரியாது, போ' என்று அனுப்பிவிடாதீர்கள். பிழையாகச் சொன்னாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்காருங்கள். எங்களுக்கு நின்றுபோன பாடம் அந்த மேசையில்தான் மறுபடி தொடங்கியது.

அடுத்த இதழில் சந்திப்போம்.