சிவப்பு ஒயினும் சாளைக் குழம்பும்

போன வாரம் என் மைத்துனர் ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலோடு வீட்டுக்கு வந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கிக் கொடுத்ததாம். "அத்தான், பேரு பிரெஞ்சுல இருக்கு. என்னன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், ஆழ்வார்திருநகரியில் இப்படிப்பட்ட வேலை எனக்குத்தான் வரும்.

'லா ரிசர்வ்' என்றிருந்தது. தனியாக எடுத்து வைத்தது என்று பொருள். நந்தி மலைப் பக்கம் குரோவர் நிறுவனம் தயாரிப்பது. கபர்னே சொவிஞோன், ஷிராஸ் என்ற இரண்டு கறுப்புத் திராட்சைகளின் கலவை.

"எதுக்கு மாப்ள இது?" என்று கேட்டேன்.

"இதயத்துக்கு நல்லதாம் அத்தான். தினம் ராத்திரி சாப்பாட்டோட ஒரு கிளாஸ். பிரஷர் மாத்திரைய நிப்பாட்டிட்டேன்" என்றார். முந்தின நாள் சாளைக் குழம்போடு குடித்தாராம். வாயெல்லாம் கசப்பு, எரிச்சல். "மருந்துன்னா அப்படித்தானே இருக்கும்!"

அது மருந்தும் இல்லை, சாளைக் குழம்புக்குப் பொருந்துவதும் இல்லை என்பது என் கருத்து.

முதலில் சுவை. சிவப்பு ஒயினுக்குத் திராட்சையைத் தோலோடும் விதையோடும் புளிக்க வைக்கிறார்கள். நிறமும் துவர்ப்பும் அதிலிருந்துதான் வருகின்றன. நாவல்பழம் தின்றால் நாக்கை இழுக்குமே, அந்தத் துவர்ப்பு. மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் அது கசப்பாகத் தெரியும். 13, 14 சதவீத ஆல்கஹால் எரிச்சலையும் கூட்டிவிடும். மீனோடு இன்னொரு தொல்லை: ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீன் நாற்றத்தைக் கிளப்புகிறது என்று 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

ஆட்டுக்கறியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தணிக்கும். ஷிராஸில் மிளகு வாசம் இருக்கும். மிளகில் உள்ள அதே வாசனைப் பொருள்தான் அதிலும் இருக்கிறது. ஆகவே மிளகாயைக் குறைத்து மிளகு போட்டு வறுத்த சுக்காவோடு பொருந்தும். புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை கறிச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் அதை மருந்தென்று சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த மருந்துக் கதை 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றால் பரவியது. பிரெஞ்சுக்காரர்கள் கொழுப்பு தின்றும் மாரடைப்பு குறைவாக இருக்கிறது, சிவப்பு ஒயின் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அங்கே விற்பனை ஏறியது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், தீங்கில்லாத மது அளவு என்று எதுவும் இல்லை எனச் சொல்லிவிட்டது. மது பிரஷரை ஏற்றும், புற்றுநோயும் வரவழைக்கும்.

மறுநாள் மைத்துனரை டாக்டரிடம் கூட்டிப் போனேன். பிரஷர் 170-ஐத் தாண்டியிருந்தது. திட்டு வாங்கிக்கொண்டு மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்.

என் வயது நண்பர்களுக்குச் சொல்வது இதுதான். பழக்கம் இல்லாதவர்கள் இதயத்துக்கென்று தொடங்க வேண்டாம். பழக்கம் உள்ளவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். யார் என்ன சொன்னாலும், அவரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.