அருவி வற்றும், வாரண்டு வற்றாது!

சாரல் நின்றால் குற்றாலத்தில் அருவி மெலியும். கூட்டம் கலையும். ரோட்டோரக் கடைக்காரர்கள் படுதாவைச் சுருட்டிக் கட்டுவார்கள். ஆனால் சீசனில் போட்ட கேஸ் மட்டும் கலையாது. அது பாட்டுக்குக் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக நடக்கும். கூப்பிட்ட நாளில் ஆள் வராவிட்டால் பிடிவாரண்டு பிறக்கும். பிறந்த வாரண்டு தானாகச் சாகாது. இதைத் தெரிந்து கொள்ளாமல் மாட்டிக் கொண்டு முழிப்பவர்கள் தென்காசிப் பக்கம் ஏராளம். அவர்களுக்காகத்தான் இன்று இதை எழுதுகிறோம்.

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சுல்லா அண்ணாச்சி" என்பார்கள். எப்படி முடிந்தது என்று கேட்டால் பதில் வராது. போலீசார் வரவில்லை, ஆகவே முடிந்து விட்டது என்பது இவர்கள் கணக்கு. சட்டத்தின் கணக்கு வேறு. கோர்ட்டு போட்ட வாரண்டு இரண்டே வழியில்தான் தீரும். ஒன்று, ஆளைப் பிடித்து ஆஜர்படுத்த வேண்டும். இல்லாவிட்டால், போட்ட கோர்ட்டே அதை ரத்து செய்ய வேண்டும். அதுவரை அதற்கு உயிர் உண்டு. பத்து வருஷம் ஆனாலும் உண்டு. 1973-ம் வருஷத்து குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 70-வது பிரிவு இதைத்தான் சொன்னது. 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 72-வது பிரிவும் இதையே சொல்கிறது. நம்பர்தான் மாறியது, நியாயம் மாறவில்லை.

கொலைகாரனுக்கு மட்டுமா?

வாரண்டு என்றதும் கொலை, கொள்ளை என்று நினைக்க வேண்டாம். குடித்து விட்டு வண்டி ஓட்டிய கேஸ். வரப்புத் தகராறில் அடிதடி கேஸ். கடைக்காரர் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிய கேஸ். பெண்டாட்டி பிள்ளைக்கு ஜீவனாம்சம் கட்டாத கேஸ். எல்லாவற்றிலும் வாரண்டு வரும். சாட்சிக்குக் கூட வரும். சம்மன் வாங்கிக் கொண்டு சாட்சி சொல்லப் போகாமல் இருந்தாலும் கோர்ட்டு விடாது.

பெரிய இடத்துக்கும் இதே கதிதான். 2009-ல் நடிகர் சங்கக் கூட்டத்தில் பேசிய பேச்சுக்காகப் போட்ட வழக்கில் ஆஜராகவில்லை என்று, சூர்யா, சத்யராஜ், சரத்குமார் உட்பட 8 சினிமாக்காரர்கள் மேல் 2017 மே மாதம் ஊட்டி கோர்ட்டு ஜாமீனில் விட முடியாத வாரண்டு போட்டது. அவர்களுக்குப் பெரிய வக்கீல்கள் கிடைப்பார்கள். ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிற குடும்பத்துக்கும், தென்காசி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும் யார் கிடைப்பார்கள்?

குற்றாலத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சீசனில் வருகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். மதுரையிலிருந்து வருகிறார்கள், சென்னையிலிருந்து வருகிறார்கள், ஆரியங்காவு தாண்டிக் கேரளத்திலிருந்தும் வருகிறார்கள். இங்கே ஒரு கேஸில் சிக்கினால், "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று பஸ் ஏறி விடுகிறார்கள். எந்தக் கோர்ட்டு, என்ன நம்பர், எப்போது வாய்தா என்பது தெரியாது. வாரண்டு மட்டும் அவர்களைத் தேடி ஊருக்குப் போகும். இந்தியாவில் எந்த மூலையிலும் அது செல்லும். இதே போல நம் ஊர்க்காரர் மேல் புனலூரிலோ கொல்லத்திலோ வாரண்டு இருந்தால், அது புளியரை செக்போஸ்டில் நின்று விடாது.

ஒளிந்தால் என்ன ஆகும்?

வாரண்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஜாமீனில் விடக் கூடியது. எத்தனை ஜாமீன்தாரர், எவ்வளவு தொகை என்று அதிலேயே எழுதியிருக்கும். அதன்படி எழுதிக் கொடுத்தால் பிடிக்க வந்த அதிகாரியே விட வேண்டும். இன்னொன்று, ஜாமீனில் விட முடியாதது. பிடித்தால் நேரே கோர்ட்டுக்குத்தான். பயணநேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன்னால் நிறுத்த வேண்டும்.

அதற்கும் சிக்காமல் ஒளிந்தால் அடுத்தது பிரகடனம். 30 நாளுக்குக் குறையாமல் கெடு வைத்து, இன்ன தேதியில் ஆஜராகு என்று, குடியிருக்கிற ஊரில் நாலு பேர் காதில் விழும்படி வாசிப்பார்கள். வீட்டில் ஒட்டுவார்கள். சொத்தை ஜப்தி செய்யவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பிரகடனத்துக்கும் வராவிட்டால் அதுவே தனிக் குற்றம். 3 வருஷம் வரை ஜெயில். முதல் கேஸில் அபராதத்தோடு போயிருக்க வேண்டிய ஆள், வராத குற்றத்துக்காகக் கம்பி எண்ண நேரிடும்! ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானும் மாமனும் பணம் கட்ட வேண்டி வரும்.

கடையநல்லூர், புளியங்குடிப் பக்கம் வளைகுடா நாடுகளுக்குப் போகிற குடும்பங்கள் அதிகம். அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாரண்டோ, கோர்ட்டு சம்மனோ இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்க 1967-ம் வருஷத்துச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. விசா வந்து, டிக்கெட் எடுத்த பிறகு இது தெரிய வந்தால் யாரைக் குறை சொல்வது?

எதிர்த்தரப்பையும் நினைக்க வேண்டும். ஒருவர் ஒளிந்தால் ஒரு கேஸ் நிற்கிறது. கேஸ் நின்றால், அடிபட்டவர் காத்திருக்கிறார். பணத்தைப் பறிகொடுத்தவர் காத்திருக்கிறார். ஜீவனாம்சத்துக்காகக் கைக்குழந்தையோடு கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற பெண்ணும் காத்திருக்கிறாள். வாரண்டு நிலுவை என்று ரிஜிஸ்தரில் ஒரு வரி எழுதினால், அந்தப் பக்கம் ஒரு குடும்பத்தின் நியாயம் நிலுவையில் நிற்கிறது என்று அர்த்தம்.

எப்படிப் பார்ப்பது?

முதலில் வீட்டில் இருக்கிற காகிதத்தைத் தேடுங்கள். எப்.ஐ.ஆர். நகல், குற்றப்பத்திரிகை நகல், பழைய சம்மன், எதுவானாலும் சரி. போலீஸ் குற்ற எண்ணும், கோர்ட்டு கேஸ் நம்பரும் அதில் இருக்கும். இரண்டும் வேறு வேறு. எந்தக் கோர்ட்டு என்பதும் அதிலேயே தெரியும். குற்றாலத்தில் நடந்தது என்பதால் குற்றாலத்தில் கோர்ட்டைத் தேடக் கூடாது. தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பர் 22-ந்தேதிதான். அதற்கு முந்தின காகிதங்களில் திருநெல்வேலி மாவட்டம் என்றே போட்டிருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இப்போது செல்போனிலேயே பார்க்கலாம். இ-கோர்ட்ஸ் என்ற அரசாங்கத் தளமும் செயலியும் இருக்கின்றன. காசு கிடையாது. கேஸ் நம்பர், எப்.ஐ.ஆர். நம்பர், ஆள் பெயர் எதைக் கொடுத்தும் தேடலாம். ஒவ்வொரு கேசுக்கும் 16 எழுத்து எண் கொண்ட சி.என்.ஆர். நம்பர் உண்டு. அது கையில் இருந்தால் வேலை சுலபம். பெயரைப் போட்டுத் தேடும்போது ஒரு எச்சரிக்கை. இசக்கி என்ற பெயரை இங்கிலீஷில் நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். ஒன்றில் கிடைக்கவில்லை என்றால் மற்றதையும் போட்டுப் பாருங்கள். பழைய கேஸ் கம்ப்யூட்டரில் அகப்படாமலும் போகலாம். அப்போது வக்கீல் மூலமாகக் கோர்ட்டு அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

ஒரே தெருவில் நாலு மாடசாமி இருக்கிற ஊர் இது. அப்பா பெயர், வயது, கதவு எண் மூன்றையும் ஒத்துப் பாருங்கள். வேறு மாடசாமிக்கு வந்த வாரண்டுக்கு நீங்கள் ஜீப் ஏற வேண்டியதில்லை. பிடிக்க வருகிறவரிடம் வாரண்டைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுத்தில் இருக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டு கையெழுத்தும் கோர்ட்டு முத்திரையும் இருக்க வேண்டும்.

எப்படித் தீர்ப்பது?

வாரண்டு இருப்பது உறுதியானால் நேரே வக்கீலிடம் போங்கள். அவரோடு கோர்ட்டுக்குப் போங்கள். வாரண்டை ரத்து செய்யச் சொல்லி மனு போட வேண்டும். வக்கீல்கள் பழக்கத்தில் "செவன்ட்டி டூ பெட்டிஷன்" என்பார்கள். ஏன் வரவில்லை என்பதற்கு உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் கொண்டு போங்கள். ஆதார் அட்டையும், தேவைப்பட்டால் ஜாமீன்தாரர் இரண்டு பேரும் கூடவே வரட்டும். காலையிலேயே போய் நில்லுங்கள். ரத்து செய்வதும், நிபந்தனை போடுவதும், ரிமாண்டு செய்வதும் மாஜிஸ்திரேட்டு கையில்தான் இருக்கிறது. ஆனால் தானாக வந்து நிற்கிறவனையும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்யாண வீட்டுப் பந்தியில் பிடித்து வந்தவனையும் எந்தக் கோர்ட்டும் ஒரே கண்ணால் பார்க்காது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், குறைந்த வருமானக்காரர்கள் எல்லோருக்கும் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற நம்பரில் கேட்கலாம். இது தர்மம் அல்ல. 1987-ம் வருஷத்துச் சட்டம் கொடுத்த உரிமை.

வாய்தா நாளில் காய்ச்சலா? வீட்டில் துக்கமா? அன்றைக்கே வக்கீல் மூலம் ஆஜராகாததற்கு மனு போடுங்கள். ஒரு மனுவில் போகிற காரியத்தை வாரண்டு வரை வளர்க்காதீர்கள்.

ஒரு முக்கியமான விஷயம். ரத்து உத்தரவின் நகலை வாங்கிக் கையில் வைத்துக் கொள்ளுங்கள். மும்பையில் ஒரு வக்கீலுக்கு நடந்ததைக் கேளுங்கள். அவர் மேல் இருந்த வாரண்டைக் கோர்ட்டு ரத்து செய்து விட்டது. ஆனாலும் 2002 ஆகஸ்டு 15-ந்தேதி, சுதந்திர தினத்தன்று, அதே வாரண்டைக் காட்டிப் போலீஸ் அவரைப் பிடித்தது! நஷ்ட ஈடாக ஐகோர்ட்டு கொடுத்தது 2 ஆயிரம் ரூபாய். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2011 செப்டம்பர் 9-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு விதிமுறைகள் வகுத்தது. ஜாமீனில் விட முடியாத வாரண்டுகளுக்குத் தனி ரிஜிஸ்தர் வேண்டும், ரத்தானால் நிறைவேற்ற வேண்டிய அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும், சம்பந்தப்பட்டவருக்கு நகல் கிடைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது. சட்டம் தெரிந்த வக்கீலுக்கே இந்தக் கதி என்றால் கூலிக்காரருக்கு?

போனில் வருகிற வாரண்டு

"உங்க பேர்ல வாரண்டு இருக்கு, உடனே பணம் அனுப்புங்க" என்று செல்போனில் யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். எந்தக் கோர்ட்டும் வீடியோவில் ஆளைக் கைது செய்வதில்லை. டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே ரேடியோவில் எச்சரித்தார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். அதே போல, "நான் ஸ்டேஷனில் சொல்லி முடிச்சுத் தாரேன்" என்று கை நீட்டுகிற புரோக்கர்களிடமும் ஏமாறாதீர்கள். வாரண்டைப் போட்டது கோர்ட்டு. கிழிக்க ஸ்டேஷனுக்கு அதிகாரம் இல்லை.

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

ஜனங்களுக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது. முதலில் சம்மன், பிறகு ஜாமீனில் விடும் வாரண்டு, அதற்கும் மசியாவிட்டால்தான் ஜாமீனில் விட முடியாத வாரண்டு என்று 2007-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. சம்மன் நிஜமாகவே ஆள் கைக்குப் போனதா, கதவு பூட்டிக் கிடந்தது என்று எழுதித் திருப்பினார்களா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

நாம் கேட்பது மூன்று. குற்றாலத்தில் சீசனில் கேஸ் போடும் போதே, எந்தக் கோர்ட்டு, எங்கே விசாரிப்பது என்று தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்த சீட்டு ஒன்றைக் கையில் கொடுங்கள். ரத்தான வாரண்டின் தகவல் அன்று மாலைக்குள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர வழி செய்யுங்கள். மாதம் ஒரு நாள், சின்னக் கேஸ்களில் தாமாக வந்து ஆஜராகிறவர்களுக்கென்று இலவச வக்கீல்களோடு ஒரு முகாம் நடத்துங்கள். இதற்குக் கோடி ரூபாய் தேவையில்லை. மேஜை, நாற்காலி, மனசு போதும்.

வாசகர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். இன்று ராத்திரி பீரோவைத் திறந்து பழைய காகிதங்களைப் பாருங்கள். முடிந்த கேஸ் என்றால் முடிந்ததற்கு உத்தரவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நாளைக் காலை கோர்ட்டுக்கு நடந்து போங்கள். தானாக நடந்து போகிறவனுக்கு பஸ் செலவோடு போகும். ஜீப்பில் ஏற்றிக் கொண்டு போனால் மானமும் சேர்ந்து போகும்!