நார்வே படிப்பு இலவசமா?

ஆசிரியருக்கு,

ஸ்காண்டிநேவியப் படிப்பு பற்றிய கட்டுரையில் கட்டணக் கதை விடுபட்டிருக்கிறது. ‘நார்வேயில் படிப்பு இலவசம்’ என்று எங்கள் பக்கத்துத் தரகர் ஒருவர் இன்றும் பெற்றோரிடம் அடித்துச் சொல்கிறார். டென்மார்க் 2006-லும், ஸ்வீடன் 2011-லும், நார்வே 2023-லும் நம் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டன.

என் அண்ணன் மகள் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் படிக்கிறாள். முதலில் அவளை வாட்டியது குளிரல்ல, அடையாள எண். ஓராண்டாவது தங்குவோருக்கு வரித்துறை தரும் அந்த எண் வரும்வரை வங்கிக் கணக்குக்குப் பெரும்பாடு. துணி துவைக்க, குடியிருப்புக்கே பொதுவாக ஓர் அறை. நேரத்தை முன்பே பதிய வேண்டும். நேரம் கடந்து துணி கிடந்தால் கதவில் சீட்டு ஒட்டிவிடுவார்கள். சத்தம், சண்டை எதுவும் கிடையாது. நம் குழாயடியில் வளர்ந்தவளுக்கு அந்தச் சீட்டுதான் அதிகம் உறைத்ததாம்! வாசலில் செருப்பைக் கழற்றும் பழக்கம் மட்டும் அங்கும் உண்டு.

அவ்வூரில் 1874-இல் கட்டிய மீன் சந்தை, அச்சு அசல் தேவாலயம் போலவே இருக்கும். படம் அனுப்பி, “சித்தப்பா, இஞ்ச மீனு விக்கதே கோயில்லதான்” என்றாள். குளச்சல்காரிக்கு வேறென்ன கண்ணில் படும்? மீன் தொழிலில் ஸ்காண்டிநேவியா எங்களுக்குப் புதிதல்ல: 1950-களில் கேரளத்தின் நீண்டகரையில் விசைப்படகுத் தொழிலை வளர்த்ததே நார்வே உதவித் திட்டம்தான். அந்த நீண்டகரையிலிருந்து எங்கள் ஊர்க்காரர்கள் இன்றும் கடலுக்குப் போகிறார்கள்.

மாணவர் விடுதிக்கான காத்திருப்புப் பட்டியல் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். படிக்க இடம் கிடைத்ததுமே அதில் பதிய வேண்டும் என்பதைத் தரகர்கள் சொல்வதில்லை.

– ஒரு வாசகர், குளச்சல்