வேதாளத்தின் மலையில் மெழுகுவர்த்தி எதற்கு?

அக்டோபர் பிறந்தாலே புனேயில் நம்ம அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுக்களில் பேய் நடமாட்டம் ஆரம்பித்துவிடுகிறது. ஹாலோவீன் வேஷம், பூசணிக்காய் குடைவது, வீடு வீடாகக் கதவைத் தட்டி மிட்டாய் வாங்குவது எல்லாம் பழசு. இப்போதைய புது ஐட்டம்: 31-ஆம் தேதி இருட்டியதும் குழந்தை குட்டிகளோடு, ஆளுக்கொரு மெழுகுவர்த்தியோடு, வேதாள் டேக்டி காட்டுக்குள் ஒரு 'பேய் நடை'. பெயர் கொடுப்பதில் நம் தமிழ்க் குடும்பங்கள்தான் முன்வரிசை. நான் பெயர் கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. 'அந்நியக் கலாசாரம், ஐயையோ' என்று கூச்சல் போடும் கட்சியில் நான் இல்லை. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் ராத்திரியில் செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று அயர்லாந்துக்காரர்கள் நம்பினார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். பிழைக்க அமெரிக்கா போனதும், அங்கே கிடைத்த பூசணிக்கு மாறிக்கொண்டார்கள். ஊர் விட்டு ஊர் போனவர்கள் கூடவே எடுத்துப்போன பண்டிகை அது. கொலுப்படியையும் பொங்கல் பானையையும் புனே வரைக்கும் தூக்கிவந்த நாம் அதைக் குறை சொன்னால் எடுபடுமா?

செத்தவர்களும் இருட்டும் தீயும் நமக்கு மட்டும் புதுசா என்ன? நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் நம்மூர்க் கல்லறைத் தோட்டங்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மினுங்கும். நெல்லைப் பக்கம் சுடலைமாடன் கொடையில் நடுச்சாமத்தில் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். ஆனால் யார் பின்னால் போகலாம், யார் போகக்கூடாது என்பதற்கெல்லாம் அங்கே ஒரு கட்டு உண்டு. இருட்டுக்கும் இடத்துக்கும் கொடுக்கிற மரியாதை அது. நான் கேட்பது அந்த மரியாதையைத்தான்.

இந்த மலையின் பெயரையாவது ஒரு தடவை யோசித்துப் பார்த்தோமா? டேக்டி என்றால் மராத்தியில் குன்று. வேதாள் வேறு யாருமில்லை, விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்ட நம்ம வேதாளம்தான். மராத்தி ஊர்களில் அவர் காவல் தெய்வம், பேய்களுக்கெல்லாம் தலைவர். சுமார் 800 மீட்டர் உயரத்தில், மலை உச்சியில் அவருக்குக் கோயில் இருக்கிறது. பேய்களின் ராஜா வீட்டு வாசலில் போய் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டு 'பூ' என்று கத்தப்போகிறோம் :-) இத்தனை வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியும் இது தெரியாது என்றால், வெட்கப்பட வேண்டியது நம் குழந்தைகள் இல்லை.

அடுத்தது தீ. 'அக்டோபரில் அடிப்புல் ஈரமாகத்தான் இருக்கும், பயப்படாதீங்க' என்கிறார்கள். சரி, இருக்கட்டும். மழை ஓய்ந்ததும் நுனிப்புல் காயத் தொடங்கிவிடும். கோடையில் புனேக் குன்றுகளில் புல் பற்றி எரிவது வருஷா வருஷம் நடக்கிற கதை. 'காட்டுக்குள் தீ கொண்டுபோனால் ஒன்றும் ஆகாது' என்ற பாடத்தை அக்டோபரில் எட்டு வயசுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மார்ச்சில் அதை மறந்துவிடு என்று சொல்ல முடியுமா? 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். காய்ந்த புல்லில் பிடித்த தீ மலைச் சரிவில் மனுஷன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். கையில் குழந்தையோடு அந்த இருட்டில் எந்தப் பக்கம் இறங்குவீர்கள்?

'அப்போ எல்.ஈ.டி. மெழுகுவர்த்தி கொண்டுபோறோம்' என்று ஒரு புத்திசாலித்தனம். அதற்குள் இருப்பது பொத்தான் பேட்டரி. கீழே விழுந்தால் தேடி எடுக்கப்போவது யார்? மயில்கள் ராத்திரி மரக்கிளையில்தான் தூங்கும். அதன் கீழே நூறு பேர் ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு ஊளையிட்டுப் போனால் அதற்குத் தீயாவது, எல்.ஈ.டி.யாவது!

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். இந்த மலையை ஒட்டிப் பாலபாரதி–பவுட் பாட்டா சாலை, மலையைக் குடைந்து சுரங்கப்பாதை என்று மாநகராட்சி திட்டம் போட்டது. 2023 ஏப்ரலில் புனேக்காரர்கள் கொளுத்தும் வெயிலில் அதை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். பென்ஷன் வாங்கும் தாத்தா பாட்டிகள் வரைக்கும் அட்டை பிடித்து நடந்தார்கள். நம் அடுக்ககங்களிலிருந்து எத்தனை தமிழ்க் குடும்பம் போனது என்று ஒவ்வொருவரும் தன் மனசுக்குள் கேட்டுக்கொள்ளட்டும். 'நமக்கெதுக்குங்க ஊர் வம்பு, வந்த இடத்தில்' என்று அன்றைக்கு ஒதுங்கினோம். மலைக்கு ஒரு கஷ்டம் என்றபோது வெளியூர்க்காரன், கூத்தடிக்க மட்டும் உள்ளூர்க்காரனா?

ஹாலோவீன் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. கீழே பார்க்கிங்கில் பூசணியைக் குடையுங்கள், மொட்டை மாடியில் விளக்கை அணைத்துவிட்டு விடிய விடியப் பேய்க்கதை சொல்லுங்கள். வேஷம் போட்ட குட்டிப் பிசாசுகளுக்கு மிட்டாயோடு முறுக்கும் கொடுங்கள். மலைக்கு மட்டும் விடிந்த பிறகு போங்கள். உச்சிக்கோயில் பக்கம் உட்காரவைத்து வேதாளம் கேட்ட கேள்விகளில் ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இறங்கும்போது ஆளுக்கு நாலு பிளாஸ்டிக் பாட்டிலைப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள். அடுத்த தடவை மலைக்காக யாராவது ஊர்வலம் போனால், அட்டை பிடிக்க நம் வீட்டிலிருந்தும் ஒரு கை போகட்டும்.

பதில் தெரிந்தும் வாயைத் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாகும் என்பதுதான் வேதாளம் விக்கிரமாதித்தனுக்குப் போட்ட நிபந்தனை. இந்த மலையை யார் காப்பாற்றுவது என்ற கேள்விக்குப் பதில் நமக்கும் தெரியும்.