பதினான்கு வயதுக்குப் பிறகு ஒரு பள்ளி

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தலைவர் அவர்களுக்கு,



2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 14 வயது நிரம்பியவர்களை ஆபத்தில்லாத வேலைகளில் சேர்க்க இடம் கொடுக்கிறது. ஒரு சட்டம் கையை விடும் வயதில் இன்னொரு சட்டம் வேலைக்கு அனுப்பிவைக்கிறது. தங்கள் நிறுவனத்தில் பத்தாம் வகுப்பில் சேருவதற்கான குறைந்தபட்ச வயதும் 14-தான். தமிழ்நாட்டில் பள்ளியிலிருந்து இடையில் நின்றுபோன பிள்ளை தனித்தேர்வராகவும் பத்தாம் வகுப்பு எழுதலாம். ஆனால் அது தேர்வு மட்டுமே. பாடம் சொல்லித்தர ஆள் வேண்டாமா?

1979-இல் சி.பி.எஸ்.இ.யின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989-இல் தனி நிறுவனமான இந்தத் திறந்தநிலைப் பள்ளியின் விதிகளைப் படித்தால், வகுத்தவர்கள் பிள்ளைகளின் வாழ்க்கையை அறிந்தவர்கள் என்பது தெரியும். ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். தேறிய பாடம் தேறியதுதான், மறுபடி எழுத வேண்டாம். வேறு வாரியத்தில் தேறிய இரண்டு பாடங்கள் வரை கொண்டுவரலாம். ஒரு மொழிப்பாடம் இருக்க வேண்டும்; மற்றவற்றை மாணவரே தேர்ந்துகொள்ளலாம். கணக்கில் தோற்று வீட்டோடு இருந்துவிட்ட பெண்ணொருத்தி, கணக்கே எடுக்காமல் மனையியலோ ஓவியமோ படித்துப் பத்தாம் வகுப்பு முடிக்க முடியும். தமிழிலேயே எழுதவும் முடியும்.

இவ்வளவும் இருந்தும், பாடநூலுக்கும் தேர்வுக்கும் நடுவே அந்தப் பிள்ளை தனியாக விடப்படுவதுதான் வேதனை.

ஆசிரியர் திருத்தித் தரும் ஒப்படைப்புக்கு 20 விழுக்காடு மதிப்பெண். தொலைவில் படிக்கும் பிள்ளையின் கையெழுத்தை ஓர் ஆசிரியர் பார்க்கிற இடம் அது. 'இந்த விடையில் காரணம் விடுபட்டிருக்கிறது, மறுபடி எழுது' என்று ஓரத்தில் நான்கு வரி எழுதிக் கொடுத்தால், அதுதான் வகுப்பறை. ஆனால் எழுதி முடித்த ஒப்படைப்புகளை விலைக்குத் தரும் விளம்பரங்கள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. விற்பவர்களைப் பிடித்தால் மட்டும் போதாது. எழுதியதை யாரோ அக்கறையாகப் படிப்பார்கள் என்ற நம்பிக்கை மாணவருக்கு இருந்தால், வாங்குகிறவர்கள் குறைவார்கள்.

படிப்பு மையங்களில் நேரில் நடக்கும் தொடர்பு வகுப்புகளும் அப்படித்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் பதினாறு வயதுப் பையனுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமையும் இரவு நேரமும். படிப்பு மையம் இரண்டு பேருந்து மாறிப் போகிற தொலைவில் இருந்தால் அவன் போகமாட்டான். போகச் சொல்வதும் நியாயமில்லை. மாலையில் பூட்டிக் கிடக்கும் அரசு உயர்நிலைப் பள்ளிகள் ஒன்றியம்தோறும் இருக்கின்றன. மாநிலக் கல்வித் துறையோடு பேசி அவற்றில் மையங்களைத் திறக்கத் தாங்கள் முன்வர வேண்டும். திறந்தநிலைக் கல்வியை விரிவாக்கச் சொல்லும் 2020 தேசியக் கல்விக் கொள்கையே அதற்குத் துணை.

சான்றிதழின் மதிப்புக்காக மாணவர்கள் ஏற்கெனவே போராடிவிட்டார்கள். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுதக் கூடாது என்ற விதியை 2018-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் முறியடித்தவர்கள் அவர்கள்தாம். இப்போது நிறுவனத்தின் முறை. அடுத்த சேர்க்கை தொடங்குமுன், தமிழ்நாட்டில் எந்த ஒன்றியத்தில் எந்தப் பள்ளியில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வகுப்பு நடக்கும் என்ற பட்டியலைத் தமிழில் வெளியிடுங்கள். திருத்திய ஒப்படைப்பு ஆசிரியரின் குறிப்போடு மாணவரிடம் திரும்ப வர ஒரு கெடுத் தேதியும் அதில் இருக்கட்டும்.